படிக்கும்போதே சம்பாதிக்கும் மாணவர் வருமான வரிக் கணக்கில் எதை, எங்கே காட்ட வேண்டும்?

வாசகர் கேள்வி: நான் பினாங்கு குளுகோரில் தங்கி, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு தகவல் தொடர்பியல் படிக்கிறேன். குடும்பம் பட்டர்வொர்த்தில் இருக்கிறது. பாயான் பாருவில் உள்ள ஒரு நிறுவனத்திற்கு மாதம் எட்டு விளம்பரக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுக்கிறேன். மாதம் 1,800 ரிங்கிட் வங்கியில் போடுகிறார்கள். சேமநிதியோ வரியோ பிடிப்பதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லித் தருவதில் 2025-இல் 4,000 ரிங்கிட் கிடைத்தது. சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு இணையத் தளம் ஒன்றின் வழி செய்த வேலைக்கு 8,460 ரிங்கிட் வந்தது. அதே ஆண்டில் மூன்று மாதத் தொழிற்பயிற்சிக்கு மாதம் 900 ரிங்கிட் உதவித்தொகை வாங்கினேன். அதற்கு இஏ பாரம் (முதலாளி தரும் ஆண்டுச் சம்பள அறிக்கை) கொடுத்தார்கள். பாயான் பாரு நிறுவனத்தில் கேட்டபோது, "நாங்கள் எதுவும் பிடிக்கவில்லை, அதனால் நீங்களும் எதுவும் காட்ட வேண்டாம்" என்றார்கள். தோழி ஒருத்தி, "பிஇ பாரத்தில் இதர வருமானம் என்று போட்டால் போதும்" என்கிறாள். அப்பாவோ, "படிக்கிற பிள்ளைக்கு எதற்கு வரி?" என்கிறார். யார் சொல்வது சரி? வேலைக்காக வாங்கிய 3,600 ரிங்கிட் மடிக்கணினியைக் கழிக்க முடியுமா? 2024-இல் கிடைத்த 6,500 ரிங்கிட்டை நான் எங்கும் காட்டவில்லை, அது குற்றமா? தமிழ்நாட்டிலிருந்து வந்து படிக்கும் என் அறைத்தோழிக்குத் துணைத்தலைப்பு எழுதப் பணம் கொடுத்தால் அதைச் செலவாகக் காட்டலாமா?
(பெயர் வேண்டாம், குளுகோர்)

பதில்: அன்புள்ள வாசகிக்கு வணக்கம். உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று கருத்துகளில் எதுவும் சரியில்லை. ஆனாலும் நீங்கள் அஞ்சுவது போல நிலைமை மோசமாகவும் இல்லை. கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால் 2025-ஆம் ஆண்டுக்கு நீங்கள் கட்ட வேண்டிய வரி பூஜ்யம் என்றுதான் வருகிறது. ஆனால் வரி இல்லை என்பதற்காகப் பாரம் அனுப்ப வேண்டாம் என்று ஆகிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுவதுதான் நம் பிள்ளைகள் பலரைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அப்பாவின் கேள்வி. 1967-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் மாணவருக்கென்று தனி விலக்கு கிடையாது. வயதையோ படிப்பையோ பார்த்து அது வருமானத்தை விட்டுவிடுவதில்லை. உபகாரச் சம்பளத்திற்கு அந்தச் சட்டத்தின் ஆறாவது அட்டவணை விலக்கு தருகிறது. பிடிபிடிஎன் எனப்படும் அரசு உயர்கல்விக் கடன் திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்பதால் அது வருமானமே ஆகாது. அப்பா மாதாமாதம் அனுப்பும் கைச்செலவுப் பணமும் வருமானம் இல்லை. "படிக்கிற பிள்ளைக்கு வரி இல்லை" என்ற பேச்சு பெரும்பாலும் இவற்றைப் பார்த்துப் பழகிய பெற்றோரிடமிருந்தே வருகிறது. அவர்கள் காலத்தில் மாணவர் கைக்கு வந்த பணம் இவ்வளவுதான் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் உழைத்து வாங்கிய பணம் இந்த வகைகளில் எதிலும் சேராது.

அடுத்து நிறுவனத்தார் சொன்னது. மாதாந்திர வரிப் பிடித்தம் முதலாளி தன் ஊழியரிடம் செய்வது. நீங்கள் ஊழியர் இல்லை என்றால் அவர்கள் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போது கணக்குக் காட்டும் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் வந்து விழுகிறது. அவர்கள் பிடிக்கவில்லை என்பதே நீங்கள் காட்ட வேண்டும் என்பதற்குக் காரணமாகிறதே தவிர, காட்டாமல் இருப்பதற்கு அல்ல. மேலும், உங்களுக்குத் தந்த 21,600 ரிங்கிட்டை அந்த நிறுவனம் தன் கணக்கில் செலவாகக் கழித்திருக்கும். அந்தச் செலவு யாருக்குப் போனது என்பதற்கு ஆதாரம் வைத்திருப்பது அவர்கள் கடமை. மின்-இன்வாய்ஸ் முறை நிறுவனங்களில் படிப்படியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கும் இக்காலத்தில், பணம் பெற்றவரின் அடையாள அட்டை எண்ணும் வரி அடையாள எண்ணும் அந்தப் பதிவுகளோடு வருமான வரி வாரியத்தின் கணினிக்கே சென்று சேர்கின்றன. உங்கள் வருமானம் வாரியத்திற்குத் தெரியாது என்று யாராவது தைரியம் சொன்னால் அதை நம்பாதீர்கள்.

இங்கே ஒன்றை நிதானமாக யோசிக்கச் சொல்வேன். மாதாமாதம் ஒரே தொகை, ஒரே நிறுவனம் என்றால், நீங்கள் உண்மையில் ஒப்பந்த முறையில் வேலை செய்கிறவரா, அல்லது ஊழியராக இருந்தும் அப்படி அழைக்கப்படாதவரா என்ற கேள்வி எழும். ஒப்பந்தத்தில் என்ன தலைப்பு போட்டிருக்கிறார்கள் என்பதை வைத்து மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. வேலை நேரத்தை யார் வகுக்கிறார்கள், யாருடைய கருவியில் வேலை நடக்கிறது, வேறு வாடிக்கையாளரை ஏற்க உங்களுக்கு உரிமை உண்டா, வேலையை எப்படிச் செய்வது என்று யார் கட்டளையிடுகிறார்கள், பணம் நேரத்திற்கா அல்லது முடித்துக் கொடுத்த வேலைக்கா என்பனவற்றைச் சேர்த்தே பார்ப்பார்கள். 2023 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் 101சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது; எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாத இடத்தில், இத்தகைய அடையாளங்கள் இருந்தால் ஒருவரை ஊழியர் என்றே அனுமானிக்க அது வழி செய்கிறது. உங்கள் கடிதத்தின்படி எட்டுக் காணொளிகள் என்ற அளவுக்குத்தான் பணம்; கருவி உங்களுடையது; சிங்கப்பூர் வேலையையும் டியூஷனையும் தடையின்றிச் செய்திருக்கிறீர்கள். எனவே இதை ஒப்பந்த வேலையாகவே எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். நாளை அவர்கள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் வந்து உட்காரச் சொல்லி, தங்கள் கணினியையே தந்து, விடுப்புக்கும் அனுமதி கேட்கச் சொன்னால் நிலைமை மாறிவிடும். அப்போது ஊழியர் சேமநிதியும் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புக் காப்பீடும் உங்கள் உரிமை. அவற்றைக் கேட்டு வாங்கத் தயங்கக் கூடாது.

இனி தோழியின் யோசனை. வருமான வரிச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு வருமானத்தை வகை பிரிக்கிறது. 4(ஏ) தொழில் வருமானம், 4(பி) வேலைச் சம்பளம், 4(எஃப்) மற்ற எதிலும் அடங்காத இதர வருமானம். எப்போதோ ஒருமுறை, ஒரு கல்யாண வீட்டுக்கு அழைப்பிதழ் வரைந்து கொடுத்து 200 ரிங்கிட் வாங்கினீர்கள், அதோடு விட்டுவிட்டீர்கள் என்றால் அதை இதர வருமானம் எனலாம். தோழி சொன்னது அந்த மாதிரி ஒற்றை வேலைக்குப் பொருந்தும். மாதாமாதம், லாப நோக்கத்தோடு, தொடர்ந்து செய்வது தொழில். அதற்கு நிறுவனப் பெயர்ப் பலகையோ கடையோ தேவையில்லை. விடுதி அறையில் மடிக்கணினியை வைத்துச் செய்தாலும் அது 4(ஏ) தான். தொழில் வருமானம் உள்ள தனிநபர் நிரப்ப வேண்டியது பி பாரம். தொழில் வருமானமே இல்லாத சம்பளக்காரர்களுக்குரியது பிஇ. தொழிற்பயிற்சிக்காக இஏ பாரம் வாங்கியிருப்பதால் பிஇ ஒன்றும் பி ஒன்றுமாக இரண்டு அனுப்ப வேண்டுமோ என்று குழம்ப வேண்டாம். ஒரே பி பாரத்தில் வேலைச் சம்பளத்திற்கும் இடம் இருக்கிறது. அந்த 2,700 ரிங்கிட்டை இஏ பாரத்தில் உள்ளபடியே அங்கே எழுதிவிடலாம்.

சிங்கப்பூர்ப் பணத்தைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை என்றாலும், அதில்தான் பலர் வழுக்குகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் வருமானத்திற்குத் தனிநபர்களுக்கு விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டு, வெளிநாட்டு வாடிக்கையாளர் தந்த பணம் முழுவதையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த விலக்கு மலேசியாவுக்கு வெளியே உருவான வருமானத்திற்கு உரியது. தொழில் வருமானம் எங்கே உருவாகிறது என்பதைப் பணம் கொடுப்பவரின் முகவரியை வைத்துத் தீர்மானிப்பதில்லை. வேலை எங்கே நடந்தது என்பதை வைத்தே தீர்மானிக்கிறார்கள். மலேசியாவுக்கு வெளியே நடந்த செயல்பாட்டைச் சேராத தொழில் வருமானம் எல்லாம் மலேசியாவில் ஈட்டியதாகவே கருதப்படும் என்கிறது 12-ஆவது பிரிவு. நீங்கள் குளுகோரில் உட்கார்ந்து செய்த வேலைக்கு வந்த பணம், சிங்கப்பூர் டாலரில் வந்தாலும் அமெரிக்க டாலரில் வந்தாலும், மலேசிய வருமானம்தான்.

அந்தப் பணத்தில் இன்னொரு திருத்தமும் வேண்டும். வங்கிக்கு வந்தது 8,460 ரிங்கிட் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தளம் 10 விழுக்காடு கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புகிறது என்பது நீங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த வரவு செலவுப் பட்டியலில் தெரிகிறது. அப்படியானால் உங்கள் மொத்த வருமானம் 9,400 ரிங்கிட். கழிக்கப்பட்ட 940 ரிங்கிட் உங்கள் செலவு. கடைசியில் எஞ்சும் தொகை ஒன்றுதான் என்றாலும், முழுத் தொகையை வருமானப் பக்கத்திலும் கமிஷனைச் செலவுப் பக்கத்திலும் எழுதுவதே முறை. தளத்தின் ஆண்டறிக்கையும் உங்கள் பாரமும் வேறு வேறு எண்ணைக் காட்டினால், பின்னர் விளக்கம் எழுத வேண்டிய வேலை உங்களுக்குத்தான் வரும்.

ஆக, தொழில் வருமானம் 21,600, 4,000, 9,400 சேர்ந்து 35,000 ரிங்கிட். இதிலிருந்து எதைக் கழிக்கலாம் என்பதற்குச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு வைக்கும் அளவுகோல் கடுமையானது: அந்த வருமானத்தை ஈட்டுவதற்காகவே, முழுமையாக அதற்கென்றே செய்த செலவாக இருக்க வேண்டும். காணொளித் தொகுப்பு மென்பொருளுக்கு ஆண்டுக்குக் கட்டிய 1,260 ரிங்கிட் இதில் தெளிவாக அடங்கும். தளத்தின் கமிஷன் 940 அடங்கும். இணையக் கட்டணத்தைப் படிப்புக்கும் பொழுதுபோக்கிற்கும் கூடப் பயன்படுத்துவதால், முழுதாகக் கழிக்காமல் வேலைக்கான பங்கை நியாயமாகப் பிரித்து, நீங்கள் கணக்கிட்டபடி 480 ரிங்கிட் என்று வைப்பது பொருத்தம். எந்த அடிப்படையில் பிரித்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரைப் பார்க்கவும் டியூஷன் வீட்டுக்குப் போகவும் ஆன பயணச் செலவு 300 ரிங்கிட்டையும் கழிக்கலாம். ஆனால் வேலை செய்த இரவுகளில் வாங்கிய நாசி கண்டாரையும், விடுதி வாடகையையும், துணிமணியையும், பல்கலைக்கழகக் கட்டணத்தையும் தொழில் செலவாக எழுதாதீர்கள். அவை வேலை இல்லாவிட்டாலும் உங்களுக்கு ஆகும் செலவுகள். சொந்தமாகக் கட்டிய கல்விக் கட்டணத்திற்கு 7,000 ரிங்கிட் வரை தனிக் கழிவு ஒன்று உண்டு. ஆனால் முதுகலைக்குக் கீழான படிப்பில் அது சட்டம், கணக்கியல், அறிவியல், தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட துறைகளுக்கே கிடைக்கிறது.

மடிக்கணினி, கூடுதல் சேமிப்புக் கருவி போன்றவை பல ஆண்டு உழைக்கும் பொருள்கள்; அவற்றைச் சாதாரணச் செலவாக எழுத முடியாது, மூலதனப் படி என்ற தனிக் கழிவாகத்தான் கேட்க வேண்டும். விலை 2,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சிறு பொருள் என்றால் வாங்கிய ஆண்டிலேயே முழு விலையையும் படியாகக் கேட்கலாம். எனவே நீங்கள் வாங்கிய 420 ரிங்கிட் ஹார்ட் டிஸ்க்கை 2025-இலேயே முழுதாகக் கழிக்கலாம். 3,600 ரிங்கிட் மடிக்கணினி அந்த எல்லையைத் தாண்டுவதால், தொழிலுக்குப் பயன்படும் பங்குக்கு மட்டும், சில ஆண்டுகளுக்குப் பிரித்துக் கேட்க வேண்டும். இன்னொரு பக்கம், வாழ்க்கைமுறைக் கழிவு என்ற பெயரில் புத்தகம், கைத்தொலைபேசி, கணினி, இணையச் சந்தா ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரை சலுகை இருக்கிறது. ஆனால் அது சொந்தப் பயன்பாட்டுக்கான கணினிக்கு உரியது, தொழிலுக்கு வைத்திருக்கும் கணினிக்கு அல்ல. ஒரே மடிக்கணினியைத் தொழில் கணக்கிலும் வாழ்க்கைமுறைக் கழிவிலும் காட்டுவது, தணிக்கையில் மிக எளிதாகப் பிடிபடும் தவறு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது பெரும்பாலும் தொகுப்பு வேலைக்காக வாங்கியது. ஆகவே மூலதனப் படி என்ற வழியில் போவதே உண்மைக்குப் பொருந்தும். கீழே உள்ள கணக்கில் அதை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் தொகை இன்னும் குறையுமே தவிரக் கூடாது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். செலவும் ஹார்ட் டிஸ்க் படியும் சேர்ந்து 3,400 ரிங்கிட்; அதைக் கழித்தால் தொழில் வருமானம் 31,600. தொழிற்பயிற்சி உதவித்தொகை 2,700-ஐச் சேர்த்தால் 34,300. தனிநபர் கழிவு 9,000 ரிங்கிட் எல்லாருக்கும் உண்டு. உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய கைத்தொலைபேசியின் 1,300 ரிங்கிட்டை வாழ்க்கைமுறைக் கழிவில் காட்டலாம். மிச்சம் 24,000 ரிங்கிட். இதுதான் வரிக்குரிய வருமானம். முதல் 5,000-க்கு வரி இல்லை. அடுத்த 15,000-க்கு 1 விழுக்காடு என்பதால் 150 ரிங்கிட். எஞ்சிய 4,000-க்கு 3 விழுக்காடு, அதாவது 120. ஆக மொத்தம் 270 ரிங்கிட். வரிக்குரிய வருமானம் 35,000 ரிங்கிட்டைத் தாண்டாதவருக்கு 400 ரிங்கிட் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் இந்த 270-உம் நீங்கிவிடுகிறது. கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால் எதற்குப் பாரம் என்று கேட்பீர்கள். பாரம் அனுப்பும் கடமையைச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு வரிக்குரிய வருமானத்தோடு இணைத்திருக்கிறது. கட்ட வேண்டிய வரியோடு அல்ல. கழிவுகளெல்லாம் போக உங்களுக்கு 24,000 ரிங்கிட் வரிக்குரிய வருமானம் நிற்கிறது. தள்ளுபடி அதற்குப் பிறகுதான் வருகிறது, அதுவும் வரியிலிருந்து. எனவே 2025-க்கு நீங்கள் பாரம் அனுப்பியே ஆக வேண்டும். இதே அளவுகோலால் உங்கள் 2024 கவலையும் தீர்ந்துவிடுகிறது. அந்த ஆண்டில் கிடைத்த 6,500 ரிங்கிட் தனிநபர் கழிவான 9,000-க்கும் குறைவு. வரிக்குரிய வருமானமே உருவாகவில்லை. வரிக் கோப்பும் உங்களுக்கு அப்போது இல்லை. அதற்காகப் பயப்பட ஒன்றும் இல்லை. அந்த ஆண்டின் வங்கிக் கணக்கறிக்கையை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

பூஜ்யம் என்று தெரிந்த பிறகும் செலவுக் கணக்கை இவ்வளவு கவனமாக எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 400 ரிங்கிட் தள்ளுபடி 35,000 என்ற கோட்டில் படிப்படியாகக் குறையாமல் ஒரேயடியாக நின்றுவிடுகிறது. வரிக்குரிய வருமானம் சரியாக 35,000 என்றால் வரி 600, தள்ளுபடி போக 200 ரிங்கிட் கட்டுவீர்கள். அதுவே 35,100 ஆனால் தள்ளுபடி இல்லை. 600-உம், கூடுதல் 100-க்கு 6 விழுக்காடு வீதம் 6-உம் சேர்ந்து 606 ரிங்கிட். 100 ரிங்கிட் கூடுதல் வருமானத்திற்காக 406 ரிங்கிட் கூடுதல் வரி. படித்து முடிக்கும் ஆண்டில் உங்கள் வேலை பெருகி இந்தக் கோட்டை நெருங்கும்போது, எங்கோ தொலைத்த ஒரு மென்பொருள் ரசீதின் விலை அதில் அச்சிட்ட தொகையைவிட அதிகமாகிவிடும்.

ரசீது என்றதும் நடைமுறையில் நான் அடிக்கடி காண்பதைச் சொல்ல வேண்டும். கணினிக் கடையில் தரும் ரசீது வெப்பத்தாளில் அச்சாவது. பணப்பையிலோ மேசை இழுப்பறையிலோ சில மாதம் கிடந்தால் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்துத் தேதியோடு ஒரு கோப்புறையில் சேர்த்துவிட்டு, தாளையும் வைத்துக்கொள்ளுங்கள். டியூஷன் பணம் கையில் தருவார்கள் அல்லது டியூட்நவ் என்ற உடனடி வங்கிப் பணமாற்று வழி அனுப்புவார்கள். வங்கிக் கணக்கறிக்கையில் அப்போது அனுப்பியவரின் பெயரும் தொகையும்தான் இருக்கும். அம்மா அனுப்பிய 300 ரிங்கிட்டும், மாணவியின் தாயார் அனுப்பிய 200 ரிங்கிட்டும் பார்வைக்கு ஒன்று போலவே தெரியும். மூன்று ஆண்டு கழித்து அதிகாரி ஒருவர் கேட்கும்போது எது வருமானம், எது குடும்பப் பணம் என்று நினைவிலிருந்து சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை உட்கார்ந்து, தேதி, யாரிடமிருந்து, எதற்காக, எவ்வளவு என்று நான்கு பத்திகளில் ஒரு விரிதாளில் எழுதுங்கள். முடிந்தால் வேலைப் பணத்திற்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்துகொள்ளுங்கள். இந்த ஒரு காரியமே பாதி வேலையைக் குறைத்துவிடும். பாயான் பாரு நிறுவனத்திற்கு மாதாமாதம் எண்ணிட்ட இன்வாய்ஸ் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பாரம் அனுப்பிய ஆண்டின் முடிவிலிருந்து 7 ஆண்டுகள் இவற்றை வைத்திருக்க வேண்டும். 2026-இல் அனுப்பும் பாரத்திற்கு 2033 முடியும் வரை என்று கணக்கு.

பதிவு எளிது. வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ் தளத்தில் இ-டஃப்தார் என்ற பகுதியில் அடையாள அட்டையின் படத்தோடு விண்ணப்பித்தால் வரி அடையாள எண் கிடைக்கும். அது ஐஜி என்ற எழுத்துகளில் தொடங்கும். அந்த எண்ணை வாங்குவதைக் கடைசி வாரத்திற்குத் தள்ளிப் போடாதீர்கள். பின்னர் அதே தளத்தில் இ-பி பாரத்தைத் திறந்தால் தொழில் குறியீடு, விற்பனை, செலவுகள், நிகர லாபம் என்று கட்டங்கள் வரும். காணொளித் தொகுப்பும் டியூஷனும் தன்மையில் வேறுபட்ட தொழில்கள் என்பதால் தனித்தனியே காட்டி, பொதுவான செலவைப் பிரித்து எழுதுவது நல்லது. சரக்கிருப்பு, கடனாளிகள் போன்ற கட்டங்கள் உங்களுக்குப் பொருந்தாவிட்டால் பூஜ்யம் போடலாம். எந்த ரசீதையும் இணைக்க வேண்டியதில்லை. 2004 முதல் தனிநபர்களுக்குச் சுயமதிப்பீட்டு முறை என்பதால், வாரியம் கேட்கும்போது காட்டினால் போதும். பி பாரத்திற்குக் கடைசி நாள் ஜூன் 30. மின்வழியில் அனுப்புவோருக்கு வழக்கமாகப் பதினைந்து நாள் கூடுதல் அவகாசம் தருவார்கள் என்றாலும், அதை நம்பி இருக்காமல் ஜூனிலேயே முடித்துவிடுங்கள்.

தொழில் பதிவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1956-ஆம் ஆண்டின் தொழில் பதிவுச் சட்டப்படி, லாபத்திற்காகத் தொழில் செய்கிறவர் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வேறு வணிகப் பெயரில் என்றால் 60. பதியாததால் வருமானம் வரிக்கு உட்படாமல் போகாது; பதிந்ததால் வரி கூடிவிடவும் செய்யாது.

பாரத்தை அனுப்பாமலே விட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 112-ஆவது பிரிவின் கீழ் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க இடம் இருக்கிறது. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால், விடுபட்ட வரிக்குச் சமமான தொகையைத் தண்டமாகக் கேட்க 113-ஆவது பிரிவு வழி செய்கிறது. கட்ட வேண்டிய வரியைத் தாமதித்தால் 10 விழுக்காடு கூடும். உங்களைப் போல வரியே இல்லாத நிலையில் இருக்கும் ஒரு பிள்ளை, ஒரு மாலை நேர வேலைக்குச் சோம்பி இவ்வளவையும் தலையில் இழுத்துக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். பின்னாளில் வீட்டுக் கடனுக்கோ வாகனக் கடனுக்கோ விண்ணப்பிக்கும்போது, சம்பளச் சீட்டு இல்லாத உங்களிடம் வங்கி முதலில் கேட்கப் போவதும் இந்தப் பி பாரத்தின் நகலைத்தான்.

அறைத்தோழிக்குப் பணம் கொடுப்பதைப் பற்றி. துணைத்தலைப்பு எழுதும் வேலையை இன்னொருவரிடம் தந்து அதற்குக் கொடுக்கும் கூலி, பொதுவாகக் கழிக்கத்தக்க செலவுதான். பெற்றவரின் பெயர், அடையாள எண், தொகை, தேதி எழுதிக் கையொப்பம் வாங்கிய சீட்டு இருந்தால் போதும். ஆனால் அவர் மாணவர் அனுமதியில் இந்நாட்டில் இருப்பவர். வெளிநாட்டு மாணவர்கள் குடிநுழைவுத் துறையின் அனுமதியோடு, நீண்ட விடுமுறை நாள்களில் மட்டும், வாரம் 20 மணி நேரத்திற்கு மிகாமல், உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு அங்காடி, தங்கும் விடுதி போன்ற குறிப்பிட்ட இடங்களில்தான் வேலை செய்யலாம். உங்களிடம் கூலிக்குத் துணைத்தலைப்பு எழுதுவது அதில் அடங்காது. சில நூறு ரிங்கிட்டுக்காக அவருடைய படிப்பும் விசாவும் ஆபத்துக்குள்ளாக நீங்கள் காரணமாகிவிடக் கூடாது. அந்த வேலையை உள்ளூர் மாணவர் ஒருவருக்குக் கொடுங்கள்.

அப்பாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். பட்டப்படிப்பு படிக்கும் பிள்ளைக்காக அவர் தன் பாரத்தில் 8,000 ரிங்கிட் கழிவு கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு இப்போது சொந்த வருமானம் இருக்கிறது என்பதை, அவருடைய கணக்கைப் பார்த்துக் கொடுப்பவரிடம் இந்த ஆண்டுப் பாரத்தை அனுப்புவதற்கு முன்பே தெரிவித்து, அந்தக் கழிவின் நிபந்தனைகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

வேலை பெருகி வரி கட்டும் நிலை வந்தபின், சிபி500 என்ற கடிதம் உங்களுக்கு வரலாம். தொழில் செய்கிறவர்களுக்கு மாதப் பிடித்தம் இல்லாததால், மதிப்பிட்ட வரியை மார்ச் தொடங்கி இரண்டு மாதத்திற்கு ஒருமுறை ஆறு தவணைகளில் கட்டச் சொல்லும் அறிவிப்பு அது. அதைப் பார்த்துத் தண்டனை என்று பதற வேண்டாம். அலட்சியப்படுத்தவும் வேண்டாம், ஏனெனில் தவணை தவறினால் அந்தத் தொகைக்கு 10 விழுக்காடு கூடும். அந்த ஆண்டு வருமானம் குறையும் என்று தெரிந்தால் ஜூன் 30-க்குள் சிபி502 பாரத்தில் திருத்தம் கேட்கலாம்.

இ-பி பாரத்தை அனுப்பி முடித்ததும் வரும் ஒப்புகைச் சீட்டையும் பாரத்தின் நகலையும் அப்போதே பதிவிறக்கி இரண்டு இடங்களில் சேமித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டு பாரம் அனுப்பியவர், அடுத்த ஆண்டு வரிக்குரிய வருமானம் இல்லாவிட்டாலும் பாரம் அனுப்ப வேண்டும் என்பது 77-ஆவது பிரிவின் விதி. எனவே இறுதியாண்டுப் படிப்புக்காக 2026-இல் வேலைகளைக் குறைத்துக்கொண்டாலும், அந்த ஆண்டுக்கான பாரத்தை 2027 ஜூன் 30-க்குள் அனுப்பிவிடுங்கள்.